.22 ரைஃபிளின் ஸ்டாக் ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: "கையில் இருப்பது பழைய ஆன்ஷுட்ஸ் 1907, ஸ்டாக் (ரைஃபிளைத் தாங்கிப் பிடிக்கும் கட்டை) வால்நட். மழைக்காலம் முடிந்ததும் ஸ்டாக்கைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். அதிலிருந்து 50 மீட்டரில் குரூப் (டார்கெட்டில் குண்டுகள் விழும் கூட்டம்) மேலும் கீழுமாக நீள்கிறது. கிளப்பில் ஒருவர் கை வலிக்கும்வரை முறுக்கச் சொல்கிறார், இன்னொருவர் லேசாகப் பிடித்தால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி? இவ்வளவு சின்ன ரவுண்டுக்கு (தோட்டாவுக்கு) ஸ்க்ரூ உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?"

இரண்டு பேர் சொல்வதையும் விட்டுவிடுங்கள். ஒரு டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து வைக்க உதவும் ரெஞ்ச்) வாங்கி, இரண்டு ஸ்க்ரூவையும் ஒரே அளவுக்கு, ஒவ்வொரு முறையும் அதே அளவுக்கு முறுக்குங்கள். மர ஸ்டாக் உள்ள இந்த வகை மேட்ச் ரைஃபிளுக்குப் போட்டியாளர்கள் பரவலாக வைப்பது 4 முதல் 6 நியூட்டன் மீட்டர். நீங்கள் 4-ல் ஆரம்பியுங்கள். ஆனால் நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வருவது அந்த எண்ணை அல்ல. அரை நியூட்டன் மீட்டர் கூட்டினால் ஒரு மாதிரி, குறைத்தால் வேறு மாதிரி என்று ஒரு ரைஃபிள் சுட்டால், அதற்குச் சரியான டார்க்கைத் தேடிக்கொண்டிருப்பது வீண். அந்த ரைஃபிளின் பெட்டிங், அதாவது ஆக்‌ஷன் (பேரலுக்குப் பின்னால் ரவுண்டை ஏற்றிச் சுடும் உலோகப் பகுதி) ஸ்டாக்குக்குள் உட்காரும் விதம், சரியில்லை. நன்றாக உட்கார்ந்த ஆக்‌ஷனுக்கு ஸ்க்ரூ கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

சின்ன ரவுண்டுதானே என்பதற்கு வருகிறேன். .22 எல்.ஆர். மேட்ச் ரவுண்டில் குண்டு 2.6 கிராம், வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 325 மீட்டர். ஒலியின் வேகத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். உதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, உண்மைதான். ஆனால் குண்டு மெதுவானது, அதனால் பேரலுக்குள் அதிக நேரம் இருக்கிறது. நீண்ட மேட்ச் பேரலில் இரண்டரை மில்லி செகண்ட் வட்டாரத்தில் ஆகும். வேகமான குண்டு சுடும் பெரிய சென்டர்ஃபயர் ரைஃபிளில் ஏறக்குறைய அதில் பாதி நேரத்திலேயே குண்டு வெளியே போய்விடும். அந்த இரண்டரை மில்லி செகண்டில் துப்பாக்கி சும்மா இருப்பதில்லை. ஒரு கணக்குப் போடுங்கள்: 2.6 கிராம் குண்டு 66 செ.மீ முன்னால் போகும்போது 5 கிலோ ரைஃபிள் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் பின்னால் வந்திருக்கும். கூடவே பேரல் அதிர்ந்துகொண்டும் இருக்கும். இந்த அசைவு ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரே மாதிரி இருந்தால் கவலையே இல்லை, சைட்டைத் (குறிபார்க்கும் கருவியை) திருப்பிச் சரிசெய்துவிடலாம். ஒரு முறை ஆக்‌ஷன் ஸ்டாக்கோடு ஒட்டிப் பின்னால் வந்து, அடுத்த முறை கொஞ்சம் வழுக்கி வந்தால் அதற்கு எந்த சைட்டும் உதவாது.

இலக்கின் அளவையும் பாருங்கள். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) 50 மீட்டர் ரைஃபிள் டார்கெட்டில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. தசமக் கணக்கில் நடுவிலிருந்து 0.8 மி.மீ விலகினால் ஒரு தசமம் போச்சு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் புரோன் (படுத்துச் சுடும்) போட்டியில் நம் ஜாய்தீப் கர்மாகர் 699.1 எடுத்து நான்காவதாக வந்தார், வெண்கலம் 701.0-க்குப் போனது. இந்த ஆட்டத்தில் மில்லிமீட்டருக்கு எவ்வளவு விலை என்பது அதில் தெரியும். 50 மீட்டரில் 5 மி.மீ என்பது கோணத்தில் வெறும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

சரி, ஸ்க்ரூ இதில் எங்கே வருகிறது? பலர் நினைப்பது, ஸ்க்ரூவை முறுக்கினால் பேரல் ஸ்டாக்குக்குள் கொஞ்சம் சாய்ந்துவிடும், அதனால் குண்டு வேறு பக்கம் போகும் என்று. அப்படி அல்ல. பின் சைட் ரிசீவர் (ஆக்‌ஷனின் உடல்) மேல் இருக்கிறது, முன் சைட் பேரல் முனையில் இருக்கிறது. முழு ஆக்‌ஷனும் சேர்ந்து சாய்ந்தால் சைட்டும் கூடவே சாயும், குறியில் வித்தியாசம் வராது. பிரச்சினை வருவது வேறு வழிகளில். ஒன்று, ஸ்க்ரூ தளர்வாக இருந்து ஆக்‌ஷன் ஒவ்வொரு ரவுண்டுக்கும் வேறு வேறு இடத்தில் உட்காருவது. இரண்டு, ஸ்க்ரூவின் இழுப்பில் ரிசீவரே வளைவது. ரிசீவர் உருக்குதான், ஆனால் ரவுண்டு ஏற்றவும் ட்ரிகர் வரவும் நடுவில் வெட்டி எடுத்திருப்பதால் நினைப்பதைவிட எளிதாக வளையும். சைட் இரண்டுக்கும் நடுவே 80 செ.மீ இருக்கிறது என்று வையுங்கள், பின் சைட் 0.08 மி.மீ நகர்ந்தாலே 50 மீட்டரில் 5 மி.மீ. அதோடு, வளைத்துப் பிடிக்கப்பட்ட உலோகம் சூட்டுக்கும் அதிர்வுக்கும் நிலையாக நிற்காது, முதல் பத்து ரவுண்டு ஓரிடத்தில் விழும், சூடானபின் வேறிடத்தில் விழும். மூன்றாவது வழி, முறுக்க முறுக்க ஆக்‌ஷன் மரத்துக்குள் இறங்கி, எதையும் தொடாமல் நிற்க வேண்டிய பேரல், தனக்கு அடியில் நீளும் ஸ்டாக்கின் முன்பகுதியை, அதாவது முன்கட்டையைத் தொடுவது.

இந்த மூன்றில் இரண்டாவதுதான் அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது. மேடுபள்ளமான தரையில் ஒரு பலகையைப் போட்டு இரண்டு முனையிலும் ஆள் ஏறி நின்றால் பலகை தரைக்கு ஏற்றபடி வளைந்துகொடுக்கும் இல்லையா, அதேதான் இங்கே நடக்கிறது. பெட்டிங் சமமாக இருந்தால் எவ்வளவு இழுத்தாலும் ரிசீவர் வளைய இடமில்லை. சமமில்லை என்றால் கூடுதலாக முறுக்கும் ஒவ்வொரு துளியும் கூடுதல் வளைவு. "நன்றாக இறுக்கு" என்ற அறிவுரை சில ரைஃபிளில் வேலை செய்வதும் சிலவற்றில் கெடுப்பதும் இதனால்தான்.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ரவுண்டு இல்லை என்று உறுதி செய்து, போல்ட்டை (ரவுண்டை ஏற்ற முன்னும் பின்னும் இழுக்கும் பகுதி) வெளியே எடுத்துவிடுங்கள். இரண்டு ஸ்க்ரூவும் முறுக்கிய நிலையில் ரைஃபிளை நிமிர்த்திப் பிடித்து, முன்கட்டையின் நுனியும் பேரலும் சந்திக்கும் இடைவெளியில் இரண்டையும் ஒருசேரத் தொடும்படி ஒரு விரலை வையுங்கள். இன்னொருவர் முன் ஸ்க்ரூவை மட்டும் மெதுவாகத் தளர்த்தட்டும். பிறகு மறுபடி முறுக்கட்டும். அடுத்து பின் ஸ்க்ரூ. நல்ல பெட்டிங்கில் விரலுக்கு ஒன்றும் தெரியாது. மோசமான பெட்டிங்கில் பேரல் கட்டையை விட்டு எழும்புவதும் இறங்குவதும் விரல் நுனியில் தெளிவாகத் தெரியும், அத்தனை நுட்பமானது நம் தோல். டயல் கேஜ் இருந்தால் முன்கட்டையில் பிடித்து முள்ளைப் பேரல் மேல் வையுங்கள். 0.05 மி.மீ-க்குள் அசைந்தால் விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் டார்க்கைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு பெட்டிங் வேலைக்குக் கொடுங்கள். ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில் எபாக்ஸி ஊற்றி அச்செடுப்பது, ஸ்க்ரூ துளையில் அலுமினியப் பில்லர் (குழாய் போன்ற தூண்) வைப்பது, இரண்டும் பழகிய துப்பாக்கி மெக்கானிக்குக் கைவந்த வேலை. தானே செய்து பார்க்க வேண்டாம். ரிலீஸ் ஏஜென்ட் (ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) சரியாகத் தடவாமல் ஆக்‌ஷன் ஸ்டாக்கோடு ஒட்டிக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு.

"ஸ்வீட் ஸ்பாட்" பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். கால் கால் நியூட்டன் மீட்டராகக் கூட்டி, ஒவ்வொன்றிலும் ஐந்து ரவுண்டு சுட்டு, எதில் குரூப் சின்னதோ அதுவே என் ரைஃபிளின் டார்க் என்று பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். இதன் பின்னால் உண்மையான இயற்பியல் இல்லாமல் இல்லை. .22 போன்ற ரிம்ஃபயர் ரவுண்டை நாமே லோடு செய்ய முடியாது, ஒரே பெட்டியிலேயே வேகம் வினாடிக்குப் பத்து மீட்டர் முன்னே பின்னே இருக்கும். 50 மீட்டர் போவதற்குள் குண்டு பேரல் கோட்டிலிருந்து 12 செ.மீ-க்கு மேல் இறங்குகிறது, பத்து மீட்டர் வேக வித்தியாசம் அதில் ஏறக்குறைய 7 மி.மீ மேல்கீழாக வந்து நிற்கும். மெதுவான குண்டு வெளியேறும் நேரத்தில் பேரல் முனை மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தால் இந்த வித்தியாசம் ஓரளவு தன்னாலேயே ஈடாகிவிடும். பேரல் முனையில் டியூனர் (அதிர்வை மாற்றும் எடை) மாட்டுகிறவர்கள் தேடுவது இதைத்தான். ஸ்க்ரூவின் இறுக்கம் அதிர்வைக் கொஞ்சம் மாற்றும், ஆகவே அதற்கும் இதில் பங்கு உண்டு.

ஆனால் ஐந்து ரவுண்டு குரூப்பை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. சராசரியாக 12 மி.மீ குரூப் போடும் ரைஃபிளில் எதையுமே தொடாமல் ஒரு குரூப் 8, அடுத்தது 16 வருவது மிகச் சாதாரணம். நீங்கள் 4.25-ல் 8 வந்தது, 4.5-ல் 16 வந்தது என்று எழுதிவைப்பது பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். சோதிப்பதென்றால் மூன்றே அளவு போதும், 3, 4, 5 என்று. ஒவ்வொன்றிலும் ஒரே லாட்டில் (ஒரே தொகுதியில் தயாரான ரவுண்டில்) குறைந்தது நான்கு ஐந்து குரூப், அதுவும் ரெஸ்ட்டில் (தாங்கியில்) வைத்து, காற்றில்லாத நேரத்தில். ஒரு சுற்று முடிந்ததும் திரும்ப முதல் அளவுக்கு வந்து, முன்பு வந்தது மறுபடி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் நீங்கள் கண்டது தற்செயல். இந்தத் திரும்பிப் பார்க்கும் வேலையை யாரும் செய்வதில்லை என்பதுதான் எனக்குள்ள வருத்தம், விலை உயர்ந்த ரவுண்டு பெட்டி பெட்டியாக இதில்தான் வீணாகிறது.

உங்கள் விஷயத்தில் மழைக்காலம் என்று சொன்னது முக்கியமான தகவல். மரம் ஈரத்தை இழுத்தால் இழைக்குக் குறுக்கே ஊதும், காய்ந்தால் சுருங்கும், ஸ்க்ரூ அப்படியே இருக்கும். அதனால் ஈரக் காற்றில் 4 நியூட்டன் மீட்டர் வைத்த ரைஃபிள், ஏசி போட்ட அறையில் சில வாரம் கிடந்தால் தளர்ந்திருக்கும். கடற்கரை ஊரிலிருந்து போபாலுக்கோ டெல்லிக்கோ போட்டிக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கியதும் முதல் வேலையாக டார்க்கைச் சரிபார்ப்பது நல்லது. பில்லர் வைத்த ஸ்டாக்கில் இது பெரிதும் குறையும், ஏனென்றால் ஸ்க்ரூ இழுப்பது உலோகத்துக்கு எதிராக, மரத்துக்கு எதிராக அல்ல. பில்லர் இல்லாத பழைய ஸ்டாக்கில் கை வலிக்க முறுக்கினால் தலைக்கு அடியில் மரம் நசுங்கும், இன்று இறுக்கமாக இருந்தது அடுத்த வாரம் தளரும், மறுபடி முறுக்குவீர்கள், மறுபடி நசுங்கும். அலுமினிய ஸ்டாக்குக்கு இந்தத் தொல்லை கிடையாது, அதில் அந்தந்தத் தயாரிப்பாளர் சொல்லும் அளவைப் பின்பற்றுங்கள்.

டார்க் என்ற எண்ணையும் கண்மூடி நம்பாதீர்கள். ரெஞ்ச்சில் நீங்கள் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஸ்க்ரூவை இழுத்துப் பிடிக்கப் பயன்படுகிறது. மீதி எல்லாம் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வில் போய்விடும். ஆகவே துரு பிடித்த, தூசி ஏறிய ஸ்க்ரூவில் 4 நியூட்டன் மீட்டர் என்பதும், சுத்தமாகத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்ட ஸ்க்ரூவில் 4 நியூட்டன் மீட்டர் என்பதும் ஒன்றல்ல, இரண்டாவது நன்றாகவே அதிகம் இறுக்கும். நீங்கள் கழற்றித் துடைத்தபோது இதுவும் மாறியிருக்கும். எண்ணெய் விடுவதா வேண்டாமா என்பது பெரிதல்ல, எப்போதும் ஒரே மாதிரி செய்யுங்கள். நான் மரையைத் துடைத்துவிட்டுத் தலைக்கு அடியில் மட்டும் துளி கிரீஸ் வைப்பேன்.

ரெஞ்ச் விஷயத்தில், கார் மெக்கானிக் வைத்திருப்பது உதவாது, அது பெரிய அளவுகளுக்கானது, 4-ஐ அதில் நம்பி வைக்க முடியாது. சைக்கிள் கடைகளில் கார்பன் ஹேண்டில்பார் முறுக்க வைத்திருக்கும் சின்ன டார்க் ரெஞ்ச் சரியாகப் பொருந்தும். துப்பாக்கி வேலைக்கென்றே ஸ்க்ரூடிரைவர் வடிவில் வருவதும் உண்டு, ஆனால் அமெரிக்கத் தயாரிப்புகளில் அளவு இஞ்ச் பவுண்டில் இருக்கும். ஒரு நியூட்டன் மீட்டர் 8.85 இஞ்ச் பவுண்ட். இணையத்தில் யாரோ "40 வை" என்று எழுதியிருந்தால் அது இஞ்ச் பவுண்ட், நம் கணக்கில் 4.5. அதை நியூட்டன் மீட்டர் என்று எடுத்துக்கொண்டு முறுக்கினால் ஸ்டாக் போயே போய்விடும்.

வேறு ரைஃபிள் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால்: சி.இசட். போன்ற வேட்டை ரக போல்ட் ரைஃபிள்களில், பில்லர் இல்லாத மரத்துக்கு 15 முதல் 25 இஞ்ச் பவுண்ட், அதாவது 2 முதல் 3-க்குள் வைப்பதே வழக்கம். ரூகர் 10/22-ல் இருப்பது ஒரே ஸ்க்ரூ, ரிசீவர் அலுமினியம், பின்பக்கத்தைப் பிடிக்க எதுவும் இல்லை, அதிலும் 15 முதல் 20 இஞ்ச் பவுண்ட்தான் பரவலான அளவு. ஒற்றை ஸ்க்ரூ என்பதால் அந்த ரைஃபிள் இந்த விஷயத்தில் கொஞ்சம் அடம்பிடிக்கும். எதுவானாலும் கையேட்டில் அளவு போட்டிருந்தால் அதுவே முதல் சொல்.

மாட்டும் முறைக்கு வருவோம். போல்ட் வெளியே இருக்கட்டும். ரைஃபிளின் பின்முனையைத் தரையில் ஊன்றி, பேரல் மேலே பார்க்க நிறுத்துங்கள், ஆக்‌ஷன் தன் எடையிலேயே பின்னால் இறங்கி, உதையில் போய் முட்டும் இடத்தில் உட்காரும். அந்த நிலையில் இரண்டு ஸ்க்ரூவையும் விரலால் மட்டும் திருகி, ஆக்‌ஷன் நேராக இருக்கிறதா என்று பார்த்து, முன், பின், முன், பின் என்று 2-க்கு, பிறகு 3-க்கு, பிறகு 4-க்குக் கொண்டுபோங்கள். ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு மற்றதைத் தொடாதீர்கள். முறுக்கும்போது ஸ்க்ரூ துளையின் சுவரில் உரசக் கூடாது, உரசினால் உதை ஸ்க்ரூ வழியாகப் போகும். முடிந்ததும் போல்ட்டைப் போட்டு இழுத்துப் பாருங்கள். முன்பைவிட இறுக்கமாக ஓடினால் ரிசீவர் வளைகிறது, அல்லது ஸ்க்ரூ நீளமாக இருந்து உள்ளே போல்ட்டைத் தொடுகிறது. பின்னது என்றால் ரெஞ்ச் காட்டுவது பொய், ஸ்க்ரூ அடியில் முட்டி நிற்கிறதே தவிர ஸ்டாக்கைப் பிடிக்கவே இல்லை. கழற்றியபோது முன் ஸ்க்ரூவும் பின் ஸ்க்ரூவும் இடம் மாறிப்போகும் ரைஃபிள்களில் இது அடிக்கடி நடக்கும், நீளத்தை அளந்து பாருங்கள்.

அப்புறம் பேரலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே ஒரு தாளை விட்டு ரிசீவர் வரை இழுத்துப் பாருங்கள். ரைஃபிள் ஸ்டாண்டில் இருக்கும்போது தாள் ஓடினால் போதாது. ஸ்லிங்கை (ரைஃபிளைக் கையோடு பிணைக்கும் வாரை) மாட்டி, புரோனில் படுத்து, வழக்கமாக எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பீர்களோ அப்படிப் பிடித்தபின் வேறு ஒருவரைத் தாளை இழுக்கச் சொல்லுங்கள். ஸ்லிங் முன்கட்டையை இழுத்து வளைக்கும், மழையில் ஊதிய மரத்தில் இடைவெளி ஏற்கெனவே குறைந்திருக்கும். உங்கள் குரூப் மேலும் கீழுமாக நீள்வதற்கு இது ஒரு பலமான காரணமாக இருக்கலாம்.

ஸ்க்ரூவைக் குற்றம் சொல்வதற்கு முன் பின் சைட்டின் ரயில் ஸ்க்ரூ, முன் சைட் டனல், ஹேண்ட் ஸ்டாப், பட் பிளேட் எல்லாவற்றையும் ஒரு முறை பிடித்துப் பாருங்கள். லாட் மாறியதா என்றும் பாருங்கள், ஒரே பிராண்டில் லாட் மாறினாலே சில ரைஃபிள்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எலே, லாப்புவா போன்ற நிறுவனங்களின் சோதனை ரேஞ்சுகளில் லாட் சோதிக்கும்போது ஸ்டாக்கைக் கழற்றிவிட்டு ஆக்‌ஷனைக் கனமான வைஸில் பிடித்துத்தான் சுடுகிறார்கள். அப்படி எடுத்த குரூப் உங்கள் ரைஃபிளுக்குக் கையில் இருந்தால் அது பெரிய சொத்து. வைஸில் 14 மி.மீ போட்ட பேரலும் லாட்டும், ரெஸ்ட்டில் ஸ்டாக்கோடு வைத்துச் சுடும்போது 22 போடுகிறது என்றால் பேரலையும் ரவுண்டையும் சந்தேகிக்க வேண்டியதில்லை, ஸ்டாக்கைப் பாருங்கள்.

ஆக, உங்கள் 1907-க்கு இந்த வரிசையில் போங்கள்: ஸ்க்ரூ நீளம், விரல் சோதனை, ஸ்லிங்கோடு தாள் சோதனை, பிறகு 4 நியூட்டன் மீட்டர். முறுக்கி வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்து ரெஞ்ச்சை மறுபடி போட்டுப் பாருங்கள், மரம் இறங்கியிருந்தால் கொஞ்சம் திரும்பும். நின்றபின் ஸ்க்ரூ தலையிலும் ட்ரிகர் கார்டிலும் ஒரே கோடாகப் பெயிண்டால் சின்னக் குறி வைத்துவிடுங்கள், அடுத்து எப்போது நகர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும். புதிதாக மாட்டியபின் முதல் பத்துப் பதினைந்து ரவுண்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், ஆக்‌ஷன் தன் இடத்தைப் பிடிக்க அவ்வளவு வேண்டும். விரல் சோதனையில் பேரல் எழும்பினால் மட்டும் டார்க்கோடு போராட வேண்டாம், கிளப் ஆர்மரரிடம் (துப்பாக்கி மெக்கானிக்கிடம்) பெட்டிங்குக்குக் கொடுத்துவிடுங்கள்.